வேலி வாசல் வரைக்கும்

வண்டிக் கூரைமேல் மடிக்கும் கூடாரத்தின் கடைசி மூலையை உள்ளே செருகிக்கொண்டிருந்த செதுன்யாவின் கையை மலெபோகோ வந்து பிடித்தாள்.

"விடு. நீ ஒண்ணையும் தொடக்கூடாது. வந்து உக்காரு."

"வார் ஒண்ணு பாக்கி இருக்கு."

"ஒட்டெங் கட்டுவாரு."

"உன் புருஷன் கட்டினா போற வழியெல்லாம் பாதிக் கூடாரம் வெளிய தொங்கும். நகரு."

மலெபோகோ நகர்ந்தாள். செதுன்யா பின்சக்கரத்தின்மேல் ஏறி நின்று வாரை இழுத்துப் பூட்டினாள். அங்கே நின்றால் க்வாய் ஆறு தெரியும். ஆற்றங்கரையில் முள்மரத்து நிழலில் கிடந்த மடக்குக் கட்டிலும் தெரியும். கட்டிலில் அவள் புருஷன் மொவாகியை நீலப் பூப்போட்ட விரிப்பால் மூடியிருந்தார்கள். ஆள் நல்ல உயரம். தலையை மூடினால் கால் வெளியே வந்தது, காலை மூடினால் நெற்றி தெரிந்தது. கடைசியில் காலை அப்படியே விட்டுவிட்டார்கள்.

காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது செத்துப்போனான். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மடக்கு நாற்காலியில் ஆற்றைப் பார்க்க உட்கார்ந்திருந்தான், கோப்பை முழங்காலில் இருந்தது. "நாற்காலியை மடிக்கணும், எழுந்திரிங்க" என்று செதுன்யா இரண்டு தடவை குரல் கொடுத்தாள். மூன்றாவது தடவை கோபமாகக் கிட்டே போனாள். ஒட்டெங்கும் பாட்லாங்கும் மாறி மாறி அவன் மார்பை அழுத்திப் பார்த்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான பாட்லாங் வாயில் வாய் வைத்து ஊதினான். ஊதி ஊதிக் களைத்துப்போய், அந்த வாயாடி மணலிலேயே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் அழுதான்.

ஐந்து பேர், இரண்டு வண்டி. வருஷா வருஷம் நீண்ட விடுமுறை வந்தால் மவுன் நகரத்திலிருந்து கிளம்பி, சக்கரத்தில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, இந்த மணலுக்குள் வந்து கூடாரம் போடுவார்கள். பிள்ளைகள் கைப்பிள்ளையாக இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். மகள் போனோ பிறந்ததிலிருந்து ஊருக்குச் செதுன்யா மாபோனோ, அதாவது போனோவின் அம்மா; மொவாகி ராபோனோ, போனோவின் அப்பா. அந்தப் போனோ இப்போது பிரான்சிஸ்டவுனில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

நேற்று ராத்திரி இறைச்சி தின்ற ராத்திரி. மற்றவர்களுக்கும் இந்தக் கூட்டத்துக்கும் அதில்தான் வித்தியாசம். காட்டெருமையின் கோமாரி நோய் ஊர் மாட்டுக்கு வந்துவிடக்கூடாது என்று எருமை வேலி போட்டிருக்கிறது. அந்த வேலி வாசலைத் தாண்டிப் பச்சை இறைச்சி ஊருக்குள் போகக்கூடாது. வண்டியை நிறுத்தி, பெட்டியைத் திறந்து காட்டி, செருப்படியை மருந்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் நடக்கவேண்டும். ஊர் உலகத்தில் எல்லோரும் மிச்ச இறைச்சியை உபரிச் சக்கரத்தடியில் ஒளித்துக் கொண்டுபோவார்கள். இவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மொவாகி கால்நடை இலாகாக்காரன். அந்த வேலிக்கே மேற்பார்வையாளன். சொந்தக்காரன் சிநேகிதன் என்று பார்க்கமாட்டான். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடுவான்.

அதனால் கடைசி ராத்திரி இருக்கிற இறைச்சியை எல்லாம் சுட்டுத் தின்றே தீர்ப்பது என்று ஒரு வழக்கம். விலாவும் தொடையும் குடல் கறியும் மாறி மாறி நெருப்பில் வந்துகொண்டே இருக்கும். யார் முதலில் "போதும்" என்கிறார்களோ அவர்கள் மறுநாள் பாத்திரம் கழுவவேண்டும். மொவாகி ஒரு வருஷமும் பாத்திரம் கழுவியதில்லை.

நேற்றும் அவன்தான் ஜெயித்தான். எழுந்து நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டு, "எரியுது" என்றான்.

"கழுதைப்புலி மாதிரி தின்னா எரியாம குளுருமா?" என்றாள் செதுன்யா. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவள் சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள். நுரை அடங்குவதற்குள் குடித்து, பெரிய ஏப்பம் விட்டு, "ஆச்சு, சரியாப் போச்சு" என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

அவள் இப்போது சக்கரத்திலிருந்து இறங்கினாள். முகாம் காவல்காரரின் கொட்டகையிலிருந்து ஒட்டெங் வந்துகொண்டிருந்தான். அங்கே மட்டும்தான் ரேடியோ. இந்தப் பக்கம் எந்தச் செல்போனுக்கும் உயிர் கிடையாது.

"போலீஸ் வண்டி இவ்வளவு தூரம் மணல்ல வராதாம்" என்றான். "நாமளே எடுத்துட்டு வரச் சொல்றாங்க. வேலி வாசல்ல நிப்பாங்க, அங்கேருந்து அவங்க வண்டியில ஆஸ்பத்திரிக்கு."

"மாமாவுக்கு?" என்றாள் செதுன்யா.

"தாவு மாமாவுக்கும் சொல்லியாச்சு. மொவாகிக்கு உடம்பு ரொம்ப முடியலை, வாசலுக்கு வரணும்னு மட்டும் சொன்னேன். அவரே, கம்பளி எடுத்துட்டு வரேன்னார்."

கம்பளி என்றால் விதவைக்குப் போர்த்தும் கம்பளி. புரிந்துகொண்டுவிட்டார். இங்கே சாவை அப்படித்தான் சொல்வது. செத்தவனின் தாய்மாமன் வந்து கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு, பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், பெற்றவளிடம் அவர் வாயால் சொல்லவேண்டும். அதுவரை ஆள் நோயாளிதான். வேறு யாராவது முந்திக்கொண்டு சொன்னால் அது மன்னிக்கிற குற்றம் இல்லை.

"சரி, யார் எந்த வண்டி?" என்றான் ஒட்டெங். கேட்டுவிட்டு அவனே பாட்லாங்கைப் பார்த்தான். பாட்லாங் தரையைப் பார்த்தான். மணலில் அவன் வண்டி ஓட்டிய ஒரே தடவை அச்சுவரை புதைத்துவிட்டான், தோண்டி எடுக்கப் பாதி நாள் ஆனது.

"நான் ஓட்டுறேன்" என்றாள் செதுன்யா.

மலெபோகோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீயா? புருஷன் செத்தவ பாயை விட்டு எழுந்திரிக்கவே கூடாது, நீ ஸ்டீயரிங் பிடிப்பியா? ஊர் என்ன சொல்லும்?"

"யாரு புருஷன் செத்தவ? மாமா சொன்னாரா?"

"செதுன்யா."

"மாமா வாயால சொல்ற வரைக்கும் அவர் சாகலை. அதுதானே வழக்கம்? அப்ப நானும் விதவை இல்லை. வாசல் வரைக்கும் நான் ராபோனோவோட பொண்டாட்டி. என் புருஷனுக்கு முடியலை, நான் கூட்டிட்டுப் போறேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. வாசலில் அவனைப் போலீஸ் எடுத்துக்கொள்ளும், அவளைக் கம்பளி எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கூடத்தைக் காலி செய்து ஒரு மூலையில் மெத்தையைப் போட்டு அவளை உட்காரவைப்பார்கள். வாரம் பூராவும் சாயங்காலப் பிரார்த்தனைக்கு ஊர் வரும், சனிக்கிழமை விடியலில் மண்ணைப் போடுவார்கள். அதற்குள் ஒரு நிமிஷமும் அவனோடு தனியாக இருக்க விடமாட்டார்கள். அவளுக்கு மிச்சமிருப்பது இந்த மணல் வழி ஒன்றுதான். அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வண்டியின் பின்பக்கத்தைக் காலி செய்து, மெத்தையை விரித்து, மற்ற மூவருமாக அவனைத் தூக்கி வைத்தார்கள். இறைச்சி வைத்திருந்த குளிர்பெட்டியில் இப்போது பனிக்கட்டி மட்டும்தான் இருந்தது. அதை ஈரத்துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்தார்கள். காலடியில் ஈரச் சாக்கு ஒன்று ஏற்கெனவே இருந்தது. நேற்று மத்தியானம் அவன் அம்மாவுக்காக இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பிடுங்கிய அல்லிக்கிழங்கு. பாட்லாங் அதை வேறு வண்டிக்கு மாற்றப் போனான், செதுன்யா தடுத்தாள்.

கட்டிலை மடிக்கும்போது அதன் அடியில் அவன் பழுப்பு ஷூ இரண்டும் கவிழ்த்து வைத்தபடி இருந்தன. தேள் ஏறாமலிருக்கக் கவிழ்த்து வைப்பான். அப்படி வைத்தும் நம்பமாட்டான். ஒன்றோடு ஒன்று தட்டி, உள்ளே கையைவிட்டுப் பார்த்துத்தான் போடுவான். மற்றவர்கள் தட்டாமல் போட்டால் முகாமே கேட்கும்படி திட்டுவான். அவள் ஷூவை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி, அதை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"மணல்ல நான், தார்ல நீ" என்பது கல்யாணமான புதிதில் அவன் போட்ட சட்டம். அவள் அப்பாவின் மாட்டுப்பட்டியில் பாவாடை கட்டிய வயதிலேயே மணலில் வண்டி ஓட்டியவள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் சக்கரம் மணலைத் தொட்டதும் இறங்கி வந்து அவள் பக்கக் கதவைத் திறந்து நிற்பான். அவளும் சண்டை போடாமல் இடம் மாறிக்கொள்வாள். கைக்கு ஒன்றும் மறந்துபோகவில்லை என்று இப்போது தெரிந்தது. வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல், வண்டியைத் தடத்தின் போக்கிலேயே விட்டாள். பள்ளம் வரும்போது மட்டும் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். விரிப்பு அசைந்தது, அவ்வளவுதான்.

பக்கத்தில் மலெபோகோ மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒட்டெங்கின் வண்டி தூசியில் வந்துகொண்டிருந்தது.

மபாபே ஊருக்கு முன்னால் யானைகள் வழியில் நின்றன. தாய்களும் குட்டிகளுமாகப் பெரிய கூட்டம். செதுன்யா தள்ளியே நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். ஹாரன் அடிக்கிறவன் மனுஷனே இல்லை என்பான் மொவாகி. வண்டி அணைந்ததும் சத்தமெல்லாம் போய், பனிக்கட்டி உருகிப் பின்கதவு வழியாக மணலில் சொட்டுவது கேட்டது.

"நான் சோடா உப்பு குடுத்தேன்" என்றாள் செதுன்யா.

மலெபோகோ திரும்பினாள்.

"நெஞ்சு எரியுதுன்னார். கையைக்கூட இப்படித் தடவினார், இந்தத் தோள்கிட்ட. நான் பாத்தேன், மலெபோகோ. பாத்துட்டு, கழுதைப்புலின்னேன். அப்பவே கிளம்பியிருந்தா விடியறதுக்குள்ள ஆஸ்பத்திரி."

"ராத்திரில இந்த வழியில யாரால போயிருக்க முடியும்?"

"அவரால முடியும். எனக்கு இப்படி ஆகியிருந்தா அவர் கூட்டிட்டுப் போயிருப்பார்."

அது உண்மை என்று இருவருக்கும் தெரியும். மலெபோகோ வெகுநேரம் யானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு விலாத்துண்டை அவர் தட்டுல வெச்சது நான்" என்றாள். "போதும்னு சொல்ல வாயெடுத்தார். பாத்திரம் கழுவப் பயமான்னு கேட்டேன்."

செதுன்யாவுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து, சத்தம் வராமல், உடம்பு குலுங்க அழுதாள். மலெபோகோ அவள் முதுகில் கையை வைத்தாள், எடுக்கவில்லை. கடைசிக் குட்டி கடந்து புதருக்குள் போனதும் செதுன்யா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

மணல் முடிந்து சரளை தொடங்கிய இடத்தில் செல்போனுக்கு உயிர் வந்தது. வந்த உடனே அடித்தது. மாமியார்.

"எடுக்காதே" என்றாள் மலெபோகோ.

"எடுக்கலைன்னா பயப்படுவாங்க." ஓரமாக நிறுத்தி எடுத்தாள். "அம்மா."

"எங்க இருக்கீங்க? நேத்திலேருந்து மனசே சரியில்லை. கிழங்கு எடுத்தானா, இல்லை மறந்துட்டானா?"

"எடுத்தார். ஒரு சாக்கு. ஈரமா வெச்சிருக்கார்."

"தெரியும், மறக்கமாட்டான். ஆட்டுக்கறி வாங்கி வெச்சிருக்கேன், வந்து இறக்கினதும் சமைச்சிடலாம். அவன்கிட்ட குடு."

செதுன்யா கண்ணாடியைப் பார்த்தாள். "படுத்திருக்கார், அம்மா. பின்னால."

"தூங்குறானா?"

"உம்" என்றாள்.

"தூங்கட்டும், எழுப்பாதே. ராத்திரி பூரா கதை பேசியிருப்பான்." கிழவி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப வண்டியை யாரு ஓட்டுறா?"

"நான்."

"தாருக்கு வந்துட்டீங்களா?"

மகனின் மணல் சட்டம் மாமியாருக்கும் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம். வந்துட்டோம் என்று ஒரு வார்த்தை போதும். சாவைச் சொல்வது மாமாவின் வேலை, அவள் சொல்லவும் மாட்டாள். ஆனால் இருபத்தைந்து வருஷம் அம்மா என்று கூப்பிட்டவளிடம் இதற்கும் சேர்த்துப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"இல்லம்மா. இன்னும் வாசல் வரலை."

போனில் மாமியார் வீட்டு முற்றத்துக் கோழி கொக்கரிப்பது மட்டும் கேட்டது. செதுன்யா வைக்காமல் காத்திருந்தாள்.

"மெல்ல ஓட்டு" என்றாள் மாமியார் கடைசியில். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "குழியில இறக்காதே. அவனுக்கு ஆட்டம் ஆகாது."

"சரிம்மா."

"என் தம்பி வர்ற வரைக்கும் நான் அடுப்பை அணைக்கலை."

போனை மடியில் வைத்துக்கொண்டு செதுன்யா வண்டியைக் கிளப்பினாள். அதற்குப் பிறகு செதுன்யா குழியே இல்லாத இடத்திலும் மெதுவாக ஓட்டினாள். பின்னால் வந்த ஒட்டெங் ஒருமுறைகூட விளக்கைப் போட்டு அவசரப்படுத்தவில்லை.

வேலி வாசலில் குறுக்குக்கம்பம் முன்கூட்டியே தூக்கியிருந்தது. அந்தப் பக்கம் போலீஸ் வண்டியும், தாவு மாமாவின் பழைய பிக்கப்பும். மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் மாமி, கையில் மடித்த கறுப்புக் கம்பளி. இந்தப் பக்கம் காவல்பெண் தனியாக நின்றாள். சீருடை போட்டு ஒரு வருஷம் ஆகாத சின்னப் பெண், அவளை வேலைக்குப் பழக்கியது மொவாகி. அழுது முகம் வீங்கியிருந்தது. போங்கள் என்று கையைக் காட்டினாள்.

செதுன்யா போகவில்லை. வாசல் கோட்டுக்கு அருகே நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள்.

"கேக்கலையா?"

"வேண்டாம், மாபோனோ. நீங்க போங்க."

"அவர் வண்டின்னு சும்மா விட்டா அவருக்குப் பிடிக்குமா? கேளு."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பச்சை இறைச்சி ஏதாவது வெச்சிருக்கீங்களா, மா?"

"இல்லை" என்றாள் செதுன்யா. "நேத்து ராத்திரியே எல்லாத்தையும் தின்னு தீர்த்துட்டோம்."

மலெபோகோ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செதுன்யா இறங்கினாள். சிமென்ட் தரையில் தகரத் தட்டு, தட்டில் மருந்துத் தண்ணீர் ஊறிய சாக்கு. அதன்மேல் ஏறி ஒரு காலை அழுத்தினாள், பிறகு மறு காலை. அந்தப் பக்கம் மாமி கம்பளியை விரிக்கத் தொடங்கினாள். செதுன்யா ஓர் அடி வைத்தவள் நின்று, திரும்பி வந்து, வண்டியின் பின்கதவைத் திறந்தாள்.

"மாபோனோ, என்ன வேணும்? நான் எடுக்கறேன்" என்று ஒட்டெங் தன் வண்டியிலிருந்து ஓடிவந்தான்.

"எல்லார் ஷூவும் நனையணும். வண்டிக்குள்ள இருக்கறதும்."

அது மொவாகியின் வாசகம். இந்த வாசலில் அவன் அதைச் சொல்லாத நாளில்லை. ஒட்டெங் நின்ற இடத்திலேயே நின்றான். அவள் பழுப்பு ஷூ இரண்டையும் எடுத்து வந்து, தட்டருகே குந்தி உட்கார்ந்து, கைக்கு ஒன்றாகப் பிடித்து, அடி முழுதும் நனையும்படி சாக்கில் அழுத்தினாள். ஓரங்களையும் விடவில்லை. மாமா பக்கத்தில் வந்து நின்றார், அவசரப்படுத்தவில்லை.

அவள் எழுந்து கோட்டைத் தாண்டினாள். மாமி கம்பளியை அவள் தோளில் போட்டு, தலைவரை இழுத்துவிட்டு, ஷூவை வாங்கக் கையை நீட்டினாள்.

"இருங்க, மாமி" என்றாள் செதுன்யா.

கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, இரண்டு ஷூவையும் கவிழ்த்து ஒன்றோடு ஒன்று தட்டினாள். உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை தட்டினாள். க்வாய் மணல் கொஞ்சம் சிமென்ட்டில் உதிர்ந்தது.